விபி28 புரதத்துக்கு எந்த ஆன்டிபாடி? மணக்குடிக் கரையிலிருந்து ஓர் ஒப்பீடு

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு காலை. கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிக் காயலை ஒட்டி இறால் குளம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் போன் பண்ணினார். "டீச்சர், ரெண்டு நாளா தீனி எடுக்கல. பகல்லயே கரையோரம் வந்து நிக்குது. ஒருக்கா வந்து பாருங்க." போனோம். தீனி பார்க்கும் தட்டைத் தூக்கினால், முந்தின நாள் போட்டது ஊறிப்போய் அப்படியே கிடந்தது. கையில் பிடித்த வனாமி இறால் லேசாகச் சிவந்திருந்தது. தலையோட்டை நகத்தால் நெம்பிக் கழற்றி, சதையைத் துடைத்துவிட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். உப்புப் பரல் ஒட்டினாற்போல உள்பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள், பெரியது இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். வனாமியில் இந்தப் புள்ளி எல்லா நேரமும் தெரியும் என்றில்லை. அன்று தெரிந்தது.

வெண்புள்ளி நோய், பண்ணைக்காரர்கள் வாயில் வைட் ஸ்பாட். 1990களின் தொடக்கத்தில் கிழக்காசியாவில் தலைகாட்டி, 1994இல் இந்தியக் குளங்களுக்கும் வந்துவிட்ட வைரஸ். வந்த குளத்தில் மூன்று நாள் முதல் பத்து நாளுக்குள் மொத்த இறாலும் போய்விடலாம்.

அண்ணாச்சிக்கு வேண்டியிருந்தது ஆமா, இல்லை என்ற ஒரு பதில்தான். அதற்கு பிசிஆர் போதும், வைரஸின் டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை அது. இதைச் சொல்லிவிட்டுத்தான் ஆன்டிபாடி பக்கம், அதாவது குறிப்பிட்ட ஒன்றைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் புரதத்தின் பக்கம், போக வேண்டும். இறாலில் வைரஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறவர்கள் ஆன்டிபாடிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பிசிஆர் அதைவிடப் பல மடங்கு நுணுக்கமானது.

எங்கள் கேள்வி வேறு. அந்தக் குளத்துக்கு வெளியே, காயலில் பிடித்த நண்டுகளிலும் பிசிஆர் பாசிட்டிவ் வந்தது. இந்த வைரஸ் நண்டையும் பிடிக்கும், சாகடிக்காமலே அதன் உடலில் தங்கவும் செய்யும். ஆனால் செத்த இறாலை நண்டு தின்றிருந்தாலும் அதன் குடலில் கிடக்கும் டிஎன்ஏ பிசிஆரில் பட்டை காட்டும். நண்டு நோயைத் தின்றதா, நோய் நண்டைப் பிடித்ததா? வைரஸ் பெருகுவது செல்லின் உட்கருவில். உட்கருவுக்குள் வைரஸின் உறைப் புரதம் குவிந்து கிடப்பதைத் திசுச் சீவலில் கண்ணால் பார்த்தால் கேள்வி தீர்ந்தது. அதற்குத்தான் விபி28 என்ற மேற்பரப்புப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி தேவைப்பட்டது. இரண்டு வருஷமாக இதோடு மல்லுக்கட்டியதில் தெரிந்ததை, நம் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் இதே முடிவை எடுக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் புரதத்தைப் பற்றி நாலு வரி. விபி28 என்பது 204 அமினோ அமிலங்கள் கொண்டது. கணக்குப்படி எடை 22 கிலோ டால்டன் சுமார். ஜெல்லில் ஓட்டினால் 28 அருகே நிற்பதால் அந்தப் பெயர். வைரஸின் உறையில் மிக அதிகமாக இருக்கும் புரதங்களில் இது ஒன்று. மும்மூன்றாகச் சேர்ந்து உறையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முன்முனை கொழுப்பை விரும்பும் பகுதி, அது உறைக்குள் புதைந்திருக்கும். இந்த வைரஸின் முக்கியமான உறைப் புரதங்களில் சர்க்கரைத் தொங்கல் கிடையாது. ஆகவே ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த விபி28-ஐக் கொண்டு எழுப்பிய ஆன்டிபாடி, அசல் வைரஸின் விபி28-ஐயும் நன்றாகவே அடையாளம் காணும். கொரோனா ஸ்பைக் போன்ற சர்க்கரை மூடிய புரதங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது.

எங்கள் முன்னால் இருந்த வழிகள் நாலு: நாமே முயலில் எழுப்புவது, கம்பெனியிலிருந்து முயல் பாலிகுளோனல் (புரதத்தின் பல இடங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளின் கலவை) வாங்குவது, எலி மோனோகுளோனல் (ஒரே இடத்தைப் பிடிக்கும் ஒரே வகை) வாங்குவது, ரீகாம்பினன்ட் மோனோகுளோனல் வாங்குவது. கோழி முட்டை மஞ்சளிலிருந்து எடுப்பதும் உண்டு. ஊசி போட்டபின் கோழியிடமிருந்து ரத்தம் எடுக்கத் தேவையில்லை என்பதால் அந்த வழி எனக்குப் பிடிக்கும். ஆனால் ஆன்டிபாடியைச் சுத்தம் செய்ய வழக்கமாகப் போடும் புரோட்டீன் ஏ பந்துகளில் அது ஒட்டாது, சுத்தம் செய்ய வேறு முறை வேண்டும். எங்களிடம் அந்த ஏற்பாடு இல்லை. அதை அதோடு விட்டுவிட்டேன்.

முயலில் நாமே எழுப்புவதில் பெரிய கவர்ச்சி அளவுதான். ஒரு முயலிலிருந்து கிடைக்கும் சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த, ஆன்டிபாடி அடங்கிய தெளிநீர்) ஒரு சின்ன ஆய்வகத்துக்குப் பல வருஷம் வரும். மூன்று மாதத்தில் வேலை முடியும் என்பார்கள். அந்த மூன்று மாதம் முதல் ஊசி போட்ட நாளிலிருந்துதான் எண்ணப்படும். அதற்கு முன்னால் ஜீனைக் குளோன் செய்து, புரதம் எடுத்து, சுத்தம் செய்ய வேண்டும். விலங்குப் பரிசோதனைக்கான நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பதிவுபெற்ற விலங்குக்கூடம் வேண்டும். நம் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் இதையெல்லாம் தொடங்கினால், முனைவர் பட்ட மாணவியின் முதல் வருஷம் அதிலேயே போய்விடும்.

அதைவிடப் பெரிய விஷயம் சீரத்துக்குள் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்பது. நாம் செலுத்தும் புரதத்தில் ஈ.கோலை புரதம் ஒரு துளி ஒட்டியிருந்தாலும் முயல் அதற்கும் ஆன்டிபாடி செய்துவிடும். இறால் குடலிலும் நண்டுக் குடலிலும் பாக்டீரியாவுக்குப் பஞ்சமா? அந்தச் சீரம் குடல் திசுவில் எங்கு பார்த்தாலும் ஒட்டும். புரதத்தைச் சுத்தம் செய்ய நாம் அதன் நுனியில் சேர்த்த ஹிஸ் வாலுக்கு (ஹிஸ்டிடின் அமினோ அமிலத் தொடர்) எதிராகவும் கொஞ்சம் உருவாகியிருக்கும். ஈ.கோலை சாற்றோடு சீரத்தை ஊறவைத்து வேண்டாததை உறிஞ்ச விடலாம், விபி28 பூட்டிய பந்துகளில் ஓட்டி வேண்டியதை மட்டும் பிடித்தெடுக்கலாம். செய்யாமல் விடக்கூடாது.

ஊசி போடுவதற்கு முன்னால் அதே முயலிடமிருந்து எடுத்து வைக்கும் சீரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு விபி28-இன் சரித்திரத்திலேயே பாடம் இருக்கிறது. விபி28-க்கு எதிரான முயல் சீரம் வைரஸை முடக்கி இறாலைக் காப்பாற்றுகிறது என்று 2001இல் ஒரு ஆய்வு வந்தது. பலரும் அதன் மேல் திட்டங்கள் கட்டினார்கள். 2006இல் இன்னொரு குழு, எந்த ஊசியும் போடாத சாதாரண முயலின் சீரமும் அதே வேலையைச் செய்கிறது என்று காட்டியது. ஆன்டிபாடியின் தனித்த வேலை என்று நினைத்ததை முயல் சீரமே செய்யக்கூடும் என்றானது. அந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த அன்றைக்கு, ஊசிக்கு முந்தைய சீரம் இல்லாமல் எந்தப் பாலிகுளோனலையும் தொடுவதில்லை என்று எங்கள் ஆய்வகத்தில் எழுதி ஒட்டினோம்.

சரி, வாங்கிவிடலாம் என்று கம்பெனி பாலிகுளோனலுக்குப் போனோம். விலை மோனோகுளோனலை விடக் குறைவு. டேட்டா ஷீட்டில் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் பார்ப்பது), எலைசா (தட்டின் குழிகளில் நிறமாற்றத்தை வைத்துப் பார்ப்பது), திசுச் சீவல் என்று மூன்றுக்கும் சரி என்று போட்டிருந்தது. பார்சல் வந்து சேர்ந்தது டிசம்பர் முதல் வாரத்தில். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு 3ஆம் தேதி மாவட்டம் முழுக்க உள்ளூர் விடுமுறை. அதை அனுப்பியவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை, நாங்கள்தான் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். தெர்மகோல் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் பேக் எல்லாம் வெதுவெதுப்பான தண்ணீர்ப் பையாகக் கிடந்தது.

ஆனால் பிரச்சினை வெப்பத்தில் இல்லை. நோய்ப்பட்ட இறாலின் செவுள், நோயற்ற இறாலின் செவுள், இறால் ரத்தம் மூன்றையும் ஓட்டி பிளாட் செய்தோம். 28இல் அழகான பட்டை விழுந்தது, நோய்ப்பட்டதில் மட்டும். ஆன்டிபாடி உயிரோடுதான் இருந்தது. கூடவே 75 அருகே, மூன்றிலும், விரல் அகலத்துக்கு ஒரு கரிய பட்டை. இறால் ரத்தத்தோடு பழகியவர்களுக்கு அது யாரென்று உடனே தெரியும்: ஹீமோசயனின். இறால் ரத்தத்துக்கு நீலம் தரும் செம்புப் புரதம், பிளாஸ்மாவில் இருக்கும் புரதத்தில் பெரும் பகுதி அதுதான். அவ்வளவு குவிந்திருக்கும் ஒன்றின் மேல் எந்தக் கலவைச் சீரமும் கொஞ்சம் ஒட்டிவிடும். பிளாட்டில் இது தொல்லையில்லை, எடை வைத்துப் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். எலைசாவிலும் சீவலிலும் எடை தெரியாதே. 28ம் 75ம் ஒரே நிறமாகத்தான் தெரியும். எங்கள் நண்டுக் கேள்விக்கு அந்தக் குப்பி உதவாது என்று அந்த ஒரு பிளாட்டிலேயே முடிவாகிவிட்டது.

அனுப்பியவர்களிடம் கேட்டபோது, அந்த லாட்டை இறால் திசுவில் சோதிக்கவே இல்லை, ஈ.கோலையில் செய்த விபி28-இல்தான் சோதித்தோம் என்று பதில் வந்தது. டேட்டா ஷீட்டில் மூன்று முறைக்கும் சரி என்று போட்டிருப்பதை நம்பி வாங்குகிறவர்கள், எந்தத் திசுவில் பார்த்தீர்கள், படம் இருக்கிறதா, நோயற்ற திசுவின் படமும் பக்கத்தில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். சுத்தமான புரதத்தின் மேல் பட்டை காட்டுவது பெரிய காரியமில்லை.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: முயலுக்கு முழுப் புரதம் கொடுத்தீர்களா, சிறு பெப்டைடா? பெப்டைட் என்றால் எந்தப் பகுதி? முன்முனையிலிருந்து எடுத்த பெப்டைட் என்றால், அது அசல் வைரஸில் உறைக்குள் புதைந்திருக்கும் பகுதி. பிளாட்டில் பட்டை வரும், முழு வைரஸைப் பிடிக்கும் எலைசாவில் வராது.

அப்புறம் மோனோகுளோனல். 1975இல் கோலரும் மில்ஸ்டீனும் எலியின் பி செல்லைப் புற்றுச்செல்லோடு ஒட்டி, ஒரே மாதிரியான ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கும் செல்லை உண்டாக்கினார்கள். 1984இல் அதற்கு நோபல் பரிசு. ஒரே செல்லின் வழித்தோன்றல்கள் என்பதால் அது புரதத்தில் ஒரே ஒரு இடத்தைத்தான் பிடிக்கும். ஹீமோசயனின் தொல்லை பெரும்பாலும் போய்விடும். எலி ஆன்டிபாடியை எலித் திசுவில் போடுகிறவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு: செகண்டரி, அதாவது முதல் ஆன்டிபாடியைப் பிடித்து நிறம் காட்ட நாம் போடும் இரண்டாவது ஆன்டிபாடி, திசுவிலிருக்கும் எலியின் சொந்த ஆன்டிபாடியையும் பிடித்துவிடும். இறாலுக்கும் நண்டுக்கும் ஆன்டிபாடி என்ற ஒன்றே கிடையாது. அந்தத் தலைவலி நமக்கு இல்லை. இந்த விஷயத்தில் நம் மாதிரிகள் நமக்குத் தரும் சலுகையை முழுசாக அனுபவிக்கலாம்.

ஒரே இடத்தைப் பிடிப்பதுதான் அதன் பலவீனமும். அந்த இடம் சேதமானால் அவ்வளவுதான். இறாலை நாங்கள் டேவிட்சன் திரவத்தில் பதப்படுத்துகிறோம், ஆல்கஹாலும் ஃபார்மலினும் அசிட்டிக் அமிலமும் சேர்ந்தது. உயிரோடு இருக்கும்போதே செரிமானச் சுரப்பியில் ஊசியால் ஏற்றி, பக்கவாட்டில் கீறிவிட்டு, பத்து மடங்கு திரவத்தில் போட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்து 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுவோம். ஃபார்மலின் புரதங்களைக் கோத்துக் கட்டிவிடும். பாலிகுளோனலுக்குப் பத்து இடத்தில் நாலு இடமாவது மிஞ்சும். மோனோகுளோனலுக்கு அதன் ஒரே இடம் கட்டுக்குள் போய்விட்டால் சீவல் வெறுமையாக இருக்கும், வைரஸ் இல்லை என்று நாம் தவறாக எழுதிவிடுவோம். சிட்ரேட் பஃபரில், பிஹெச் 6இல், பிரஷர் குக்கரில் கொதிக்கவைத்தால் கட்டு கொஞ்சம் அவிழும். எல்லா மோனோகுளோனலுக்கும் அது பலிக்காது. ஆகவே மோனோகுளோனல் வாங்கும்போது, பாரஃபின் மெழுகில் பதித்து வெட்டிய சீவலில் வேலை செய்ததற்குப் படம் காட்டும் குளோனைத்தான் (ஒரே செல்லின் வழியில் வந்த வகை) வாங்க வேண்டும். புரதம் மடிந்திருக்கும் உருவத்தை மட்டும் பிடிக்கும் குளோன்களும் உண்டு. அவை எலைசாவில் பிரமாதமாக இருக்கும், கொதிக்கவைத்து விரித்த பிளாட்டில் ஒன்றும் காட்டாது.

ரீகாம்பினன்ட் மோனோகுளோனலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆன்டிபாடியின் மரபு வரிசை எழுத்தில் இருக்கும், செல்லில் வைத்து எப்போது வேண்டுமானாலும் அதையே செய்துகொள்ளலாம். ஹைப்ரிடோமா என்ற அந்த ஒட்டுச்செல் செத்துப்போகும், மாறிப்போகும் என்ற பயம் இல்லை. 2015இல் நூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் சேர்ந்து, ஆய்வு ஆன்டிபாடிகள் எல்லாம் வரிசை தெரிந்த இந்த வகைக்கு மாற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆனால் மனித நோய்களுக்குக் கிடைக்கும் தேர்வு இறால் வைரஸுக்குக் கிடையாது. எங்கள் வேலைக்கு, டேவிட்சன் சீவலில் சோதித்த ஒன்று எங்கள் கைக்கு எட்டும் விலையில் அகப்படவில்லை.

விலையைப் பற்றி ஒரு கணக்கு. எல்லோரும் குப்பி விலையைத்தான் ஒப்பிடுகிறார்கள். 100 மைக்ரோ லிட்டர் குப்பி, ஆயிரத்துக்கு ஒன்று என்று கலக்கச் சொன்னால், 10 மில்லி பிளாட்டுக்கு 10 மைக்ரோ லிட்டர் போகும். பத்து பிளாட்டில் குப்பி காலி. ஐயாயிரத்துக்கு ஒன்று என்றால் அதே குப்பி ஐம்பது பிளாட்டுக்கு வரும். குப்பி இரண்டு மடங்கு விலை என்றாலும் பிளாட் கணக்கில் அதுதான் லாபம். சீவலுக்குக் கணக்கே வேறு: ஒரு கண்ணாடித் தகட்டுக்கு 100 மைக்ரோ லிட்டர் கலவை போதும், இருநூறுக்கு ஒன்று என்று கலந்தாலும் அரை மைக்ரோ லிட்டர்தான் ஆகும். ஒரு குப்பியில் இருநூறு தகடு. விலை அதிகமென்று நாங்கள் ஒரு வருஷம் தள்ளிப்போட்ட மோனோகுளோனல், தகட்டுக் கணக்கில் பார்த்தால் மலிவாகவே இருந்தது.

வாங்கியதைக் காப்பாற்றுவதும் விலையில் சேரும். பாதி கிளிசரின் கலந்த ஆன்டிபாடி மைனஸ் 20இல் உறையாது. கரண்ட் போய் வந்தாலும் உறைந்து உருகி உறைந்து கெடும் ஆபத்து குறைவு. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில், மரம் முறிந்து கம்பியில் விழுந்தால் ராத்திரி முழுக்கக் கரண்ட் வராத ஆய்வகத்துக்கு இது சின்ன விஷயமில்லை. தானே பனி உருக்கும் வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, உருக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே சூடேறும். சோடியம் அசைடு சேர்த்த ஆன்டிபாடியில் பெராக்ஸிடேஸ் நொதியைப் பூட்ட வேண்டாம், அசைடு அந்த நொதியை முடக்கிவிடும். உலர்த்திய பொடியாகக் கிடைத்தால் கூரியர் பயம் பாதி போச்சு. எதுவானாலும் பார்சல் திங்கள் அல்லது செவ்வாயில் வந்து சேரும்படி அனுப்பச் சொல்லுங்கள், உள்ளூர் விடுமுறைகளை ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள்.

கடைசியில் நாங்கள் எடுத்தது எலி மோனோகுளோனல், பாரஃபின் இறால் சீவலின் படம் காட்டிய ஒரு குளோன். எங்கள் கேள்விக்கு அதுதான் பொருந்தியது. பாலிகுளோனல் குப்பியைத் தூக்கிப் போடவில்லை. விபி28 பந்துகளில் ஓட்டிச் சுத்தம் செய்து, எலைசாவில் அடியில் பூசிப் பிடிப்பதற்கு வைத்திருக்கிறோம், மேலே கண்டுகொள்ள மோனோகுளோனல். எலைசா மட்டுமே செய்கிறவர்களுக்கு இந்த ஜோடியைத்தான் சொல்வேன். பிளாட் மட்டும் செய்கிறவர்கள், 75ஐ நோயற்ற திசுவோடு ஒப்பிட்டு ஒதுக்கத் தெரிந்தால், பாலிகுளோனலோடு நிறுத்திக்கொள்ளலாம். சொந்தமாக முயலில் எழுப்புவது, மூன்று நாலு ஆய்வகங்கள் சேர்ந்து ஒரே சீரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் மட்டும்.

சீவலில் நிறத்தையும் மாற்றினோம். எல்லோரும் போடும் பழுப்பு நிறம் இறாலுக்குச் சரிவராது. காயம்பட்ட இடத்தில் இறாலின் உடம்பே கருப்பு, பழுப்பு நிறமி படியவைக்கும், இரண்டையும் பிரிக்க முடியாது. அல்கலைன் பாஸ்படேஸும் சிவப்புச் சாயமும் போட்டோம். பாஸ்பேட் பஃபர் அந்த நொதியைத் தடுக்கும் என்பதால் கழுவுவதெல்லாம் டிரிஸ் பஃபரில்.

முதலில் மணக்குடி இறாலின் சீவல். செவுளிலும் இரைப்பையின் உள்தோலிலும் உட்கருக்கள் ஊதி, ஒவ்வொன்றும் குங்குமப் பொட்டு வைத்தாற்போலச் சிவந்திருந்தன. அதே சீவலில், ஒரு நூல் தள்ளி, செரிமானச் சுரப்பியின் குழல் செல்கள். இந்த வைரஸ் அந்தச் செல்களைப் பிடிக்காது. அவை வெறும் நீலமாக, சிவப்பு ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தன. குழல்களுக்கு நடுவே இருக்கும் இணைப்புத் திசுவில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பு. ஒரே தகட்டில் பிடிக்க வேண்டியதைப் பிடித்து, பிடிக்கக் கூடாததை விட்டிருந்தது. அதற்கு மேல் எந்த டேட்டா ஷீட்டும் எனக்குத் தேவைப்படவில்லை. இறாலை வெட்டும்போது செரிமானச் சுரப்பி, இரைப்பை, செவுள் மூன்றும் ஒரே பிளாக்கில் வரும்படி வெட்டுங்கள்.

அதன் பிறகுதான் நண்டுகளுக்குப் போனோம். இதுவரை பார்த்த ஆறு நண்டில் நான்கின் குடலுக்குள் கிடந்த தீனித் துணுக்குகளில் மட்டும் சிவப்பு, நண்டின் சொந்த உட்கருக்கள் சுத்தமாக இருந்தன. இரண்டின் செவுளில் உட்கருக்களே சிவந்திருந்தன. குப்பியைப் பத்துப் பத்து மைக்ரோ லிட்டராகப் பிரித்து மைனஸ் 20இல் வைத்திருக்கிறோம், ஒன்பது சின்னக் குழாய் மிச்சம். அண்ணாச்சி குளத்தைக் காயவிட்டிருக்கிறார். மடையில் நண்டு ஏறாதபடி வலை கட்டச் சொல்லி, அந்த இரண்டு நண்டின் படத்தையும் அவர் போனுக்கு அனுப்பியிருக்கிறேன்.